கடைசிப் பக்கங்களுக்குத் தையல்

நாவலைக் கையில் வாங்கியதும் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற ஆட்களைக் கண்டால் அந்த அக்காவுக்கு ஆகாது. ஆகாது என்றால் சண்டை போடமாட்டார். ஊசியில் நூலைக் கோத்து, புத்தகத்தின் கடைசிப் பத்துப் பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து, ஓரத்தில் ஓட்டுத் தையல் போட்டு மூடிவிடுவார். அதற்கப்புறம்தான் புத்தகம் கடையை விட்டு வெளியே போகும். வாங்கிப்போனவர் தையல் வரைக்கும் படித்துவிட்டு நூலை அறுத்து முடிவைப் படிக்க வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடி தையல். ஒரு நாவல் பத்துக் கை மாறி வரும்போது அதன் ஓரம் சல்லடையாகிவிடும்.

கடை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. பெண்களுக்கு மட்டும் தைக்கிற கடை. வாசலில் பூப்போட்ட திரை தொங்கும். ஆண்கள் யாராவது வந்தால் திரைக்கு அந்தப் பக்கமே நின்று துணியை நீட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். எல்லோரும் அவரை டெய்லரக்கா என்பார்கள். பேர் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன், அவருக்குப் பிடிக்காது.

மாத நாவல்கள் அங்கேதான் கைமாறின. தைத்து முடித்த ஜாக்கெட்டின் மடிப்புக்குள் புத்தகத்தை வைத்து, மேலே பேப்பரைச் சுற்றி, நூல் கட்டிக் கொடுத்துவிடுவார். வீட்டில் கேட்டால் ஜாக்கெட். அந்தப் புத்தகங்களைப் படிக்கிற பெண் கெட்டுப்போய்விடுவாள் என்பது அன்றைக்கு எல்லா வீட்டு ஆண்களுக்கும் தெரிந்திருந்தது. எங்கள் பேராசிரியருக்கும் தெரிந்திருந்தது. அதை நிரூபித்துக்கொண்டு வரச்சொல்லித்தான் என்னை அனுப்பியிருந்தார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் அரியலூரில் ஒரு கல்லூரியில் தற்காலிகத் தமிழ் விரிவுரையாளர். பெரம்பலூரில் மாமா வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். சிமெண்டு லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்துபோகும் பஸ். இறங்கும்போது தலைமுடியெல்லாம் நரைத்திருக்கும். எம்.ஃபில் பட்டத்துக்காகக் காதல் நாவல்களையும் அவற்றைப் படிக்கும் பெண்களையும் ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஆராய்ந்துகொண்டிருந்தேன் என்பது சும்மா பேச்சுக்கு. முடிவுரையை முதலிலேயே எழுதிவைத்துவிட்டேன். இந்த நாவல்கள் பெண்களை வாழ்க்கையை விட்டு விலக்கிக் கனவில் தள்ளுகின்றன என்று நாலு பக்கம். பாக்கி இருந்தது நூறு பெண்களிடம் கேள்வித்தாள் நிரப்பி வாங்குவது மட்டும்தான்.

ஒருத்திகூட நிரப்பவில்லை. நானா, அந்தக் கருமத்தையா என்றார்கள். ஒருநாள் மாமி தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கிவரச் சொன்னார். கொண்டுவந்து பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே அந்த மாதத்து நாவல். மாமியின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். மாமாவிடம் சொல்லிவிடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டார். நானோ புதையல் கிடைத்தவளாட்டம் மறுநாளே கேள்வித்தாள் கட்டோடு கடைக்குப் போய்விட்டேன்.

அக்கா ஒரு தாளை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். விரலால் தடவினார்.

"தாளு நல்லா வெறைப்பா இருக்கு டீச்சர். கழுத்து டிசைன் வெட்டி வெச்சுக்க ஆகும்," என்றார்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான் இருக்கும். இது ஆராய்ச்சி என்றேன். அதோடு நான் டீச்சர் இல்லை, லெக்சரர் என்றும் சொன்னேன்.

"சரிங்க டீச்சர்," என்றார்.

ஆனாலும் என்னைப் போகச் சொல்லவில்லை. இத்தனை கேள்வி கேட்டால் யாரும் நிஜத்தைச் சொல்லமாட்டார்கள், நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன், வேண்டுமானால் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். சனிக்கிழமைதோறும், பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுக்கும் பெஞ்சின் ஓரத்தில் எனக்கு இடம் கிடைத்தது அப்படித்தான்.

அந்த ஒரே கேள்வி, "முடிவு என்னாச்சு?" என்பது.

விஷயம் என்னவென்றால் அக்கா முடிவைப் படிக்கவே மாட்டார். புத்தகம் வந்தவுடன் முதல் வேலையாகக் கடைசிப் பத்துப் பக்கத்தைத் தைத்துவிட்டு, மத்தியானம் கடையில் ஆள் ஓய்ந்த நேரத்தில் தையல் வரைக்கும் படிப்பார். அப்புறம் யாருக்காவது கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். வாங்கிப்போன பெண் திரும்பி வந்து முடிவைச் சொல்லும்போது பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, கன்னத்தில் கையை வைத்து, கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்பார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். நாற்பது வயதுக்காரர் மாதிரியே இருக்கமாட்டார்.

ஏன் படிப்பதில்லை என்று கேட்டேன்.

"படிச்சா ஒரு முடிவுதான் டீச்சர். கேட்டா பத்து வருது."

உண்மைதான், பத்து வந்தது. அந்த நாவல்களையெல்லாம் அரியலூர் ஸ்டேஷன் கடையில் எனக்கென்று தனியாக வாங்கி நான் முழுக்கப் படித்திருந்தேன். அதனால் யார் எங்கே கதையை மாற்றுகிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரியும். லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு அக்கா வருவார். அவர் வீட்டுக்காரர் சவூதிக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. புத்தகத்தில் கதாநாயகன் ஜெயிலுக்குப் போனாலும் சரி, வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டாலும் சரி, அந்த அக்கா சொல்லும் முடிவில் அவன் திரும்பி வந்துவிடுவான். "அல்லா கிருபையில வந்துட்டாரு. வாசல்ல கார் வந்து நிக்கிது," என்பார். கார் எந்தப் புத்தகத்திலும் இல்லை. டெய்லரக்கா ஒவ்வொரு தடவையும் அப்பாடா என்று மூச்சு விடுவார்.

இன்னொருவர் ஒரு வாத்தியார் மனைவி. வீட்டுக்குப் போனதும் முதலில் நூலை அறுத்து முடிவைப் பார்த்துவிட்டு, தன் நூலாலேயே மறுபடி தைத்துக்கொண்டு வந்து கொடுப்பார். தையல்காரியிடமே தையல் வேலை. கோணல்மாணலாகப் பச்சை நூல் ஓடியிருக்கும். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "தையலு நல்லா வருதுங்க உங்களுக்கு," என்பார். அந்த அம்மாளும் கூச்சமில்லாமல் சிரிப்பார்.

நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். நான்காம் இயலுக்குத் தலைப்பும் வைத்தேன்: வாசகியரின் தவறான புரிதல்கள். எவ்வளவு திமிர் பாருங்கள். ஒருமுறை யாரோ முடிவை மாற்றிச் சொல்லிவிட்டுப் போனதும் உண்மையான முடிவை நான் சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "நீங்க சொல்லாதீங்க டீச்சர். நீங்க சொன்னா புக்கு சொன்ன மாதிரியே இருக்கு," என்றார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதிலிருந்து அங்கே முடிவு பற்றி நான் வாய் திறப்பதில்லை.

வாலிகண்டபுரத்துப் பெண் வந்த அந்தச் சனிக்கிழமையும் அதனால்தான் சும்மா இருந்தேன்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கல்யாணமாகி நாலு வருடம், பிள்ளை இல்லை. அதிகம் பேசமாட்டாள். அந்த மாதம் வந்த புது நாவலை முதலில் வாங்கிப்போனது அவள்தான். ஏழைப்பெண்ணை மருமகளாக ஏற்கமாட்டேன் என்று கதை முழுக்கப் பிடிவாதம் பிடிக்கும் மாமியார், கடைசியில் தானே தாம்பாளத்தோடு போய் அவளை அழைத்து வருகிற கதை. அவள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அக்கா வழக்கம்போலக் கேட்டார். அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவ போய்ச் சேந்துட்டாக்கா. அதுக்கப்புறம் அந்த வூட்ல எல்லாரும் நிம்மதியா இருந்தாங்க."

அக்கா ஐயோ பாவமே என்று உச்சுக்கொட்டினார். அடுத்த புத்தகத்தை நீட்டினார். வேண்டாம் என்றாள். போன வாரம் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டுக்கு இன்னும் கை வைக்கவில்லை, செவ்வாய்க்கிழமை தரட்டுமா என்று அக்கா கேட்டதற்கு, தைத்தாலும் தைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டைத் திறந்து, மங்கல முடிவை அவல முடிவாகப் புரிந்துகொண்ட வாசகி என்று எழுதினேன். எழுதிவிட்டு எனக்குச் சிரிப்பு வேறு. இதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அரைமணி நேரம் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அக்கா, கோபிக்காதீர்கள், இது ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், அந்தப் புத்தகத்தில் யாரும் சாகவில்லை, மாமியாரே வந்து கூட்டிப்போகிறார், கல்யாணம் நடக்கிறது என்றேன்.

பெடல் நின்றது. அக்கா புத்தகத்தை எடுத்தார். நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தார். அவர் ஒரு முடிவைப் படித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இத ஏன் அப்பயே சொல்லல டீச்சர்?" என்றார்.

நீங்கள்தானே சொல்லக்கூடாது என்றீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். கை வைக்காத அந்த ஜாக்கெட்டை அப்படியே சுருட்டி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, இன்ச் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கடையைப் பூட்டினார். சனிக்கிழமை பதினொரு மணி. ஊரில் கல்யாண சீசன். வாசலில் நின்ற இரண்டு பேரிடம் சாயங்காலம் வாங்க என்று மட்டும் சொன்னார்.

நானும் கூடவே ஓடினேன். பஸ்ஸில் எனக்கு நம்பிக்கையே இல்லை. ஒருத்தி ஒரு கதையை மாற்றிச் சொன்னாள் என்பதற்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று இருந்தது. லப்பைக்குடிக்காட்டு அக்கா சொல்லாத பொய்யா என்றேன். அக்கா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ஆராவது நல்லதா மாத்துனா அது ஆச டீச்சர். நல்லா இருந்தத ஒருத்தி கெட்டதா மாத்துனா?"

வாலிகண்டபுரத்தில் அந்தப் பெண்ணின் மாமியார் வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். அளவில் தப்பு நேர்ந்துவிட்டது, திரும்ப எடுக்க வேண்டும் என்றார் அக்கா. அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் மாமியாரிடம் மாட்டினேன். கெட்ட மனுஷி என்று சொல்லமுடியாது. எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, குன்னம் பக்கம் பையனுக்கு இன்னொரு பெண் பார்த்திருக்கிறோம், வருகிற புதன்கிழமை பூ வைக்கப் போகிறோம் என்று சொன்னார். மருமகளுக்கும் சொல்லியாகிவிட்டதாம். அவள் மறுபேச்சுப் பேசவில்லை, தங்கமான பெண் என்றார். நான் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

உள்ளே போனவர்கள் முக்கால் மணி நேரமாக வரவில்லை.

"ஒரு சாக்கிட்டுக்கு இம்புட்டு நேரமா அளவெடுப்பாங்க?" என்றார் மாமியார்.

பஃப் கை வைக்கிறார்கள், அதற்கு அளவு அதிகம் என்றேன். அதுவரை நான் பஃப் கையைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவள். கூசாமல் அன்றைக்கு அதைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன்.

கதவு திறந்தது. அந்தப் பெண்ணின் முகம் அழுது வீங்கியிருந்தது. அக்கா ஒன்றும் நடக்காதது மாதிரி மாமியாரிடம் பேசினார். கல்யாண சீசன், ஹூக் வைக்கவும் ஓரம் மடிக்கவும் கை போதவில்லை, இவளை இன்றைக்கே என்னோடு அனுப்புங்கள், ஒரு மாதம் கடையில் என்னோடு தங்கி வேலை பார்க்கட்டும், கூலி கொடுத்துவிடுகிறேன் என்றார். மாமியார் யோசித்தார். புதன்கிழமைக் காரியம் நடக்கும்போது இவள் வீட்டில் இல்லாமலிருப்பதும் நல்லதுதான் என்று நினைத்திருப்பார் போல. சரி என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பெண் அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். எத்தனை நாள் தூக்கமோ. அக்கா மஞ்சப்பையை மடியோடு இறுக்கிப் பிடித்திருந்தார். என் பக்கம் குனிந்து, சாவதற்கென்று ஒன்றை எடுத்து வைத்திருந்தாள், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்று காதோடு சொன்னார். இன்றைக்கு ராத்திரிக்கு என்று இருந்தாளாம். என் நோட்டும் அதே பஸ்ஸில் என் மடியில்தான் இருந்தது.

அந்த நான்காம் இயலை நான் எழுதவில்லை. எழுதிவைத்த முடிவுரையையும் கிழித்துப்போட்டேன். பேராசிரியர் கத்தினார். மூன்று இயல்களோடு எப்படியோ பட்டம் வந்து சேர்ந்தது. மீதியிருந்த கேள்வித்தாள்களை அக்காவிடமே கொடுத்துவிட்டேன். பெரம்பலூரில் பல பேருக்குக் கழுத்து டிசைன் அந்தத் தாளில்தான் வெட்டினார்கள்.

குன்னத்துப் பேச்சு நின்றதா என்றால், நிற்கவில்லை. கல்யாணம் நடந்தது. இவள் ஒரு மாதத்துக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஹூக் வைத்தாள், காஜா எடுத்தாள், பிறகு இரண்டாவது மெஷினில் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் பக்கத்துத் தெருவிலேயே தனியாக ஒரு அறை பார்த்துக்கொண்டாள்.

அக்காவிடமும் ஒரு மாற்றம் வந்தது. எனக்குத்தான் அது பெரிய வருத்தம். புத்தகம் வந்தால் இப்போது முதலில் முடிவைப் படித்துவிட்டு அப்புறம் தைத்தார். கன்னத்தில் கை வைத்துக் கண்ணை விரித்துக் கேட்ட அந்த முகம் அதற்கப்புறம் இல்லை. காய்ச்சல்காரியின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவர் மாதிரி கேட்டார். ஏன் அக்கா, எவ்வளவு ஆசையாகக் கேட்பீர்கள் என்று ஒருநாள் ஆற்றாமையில் கேட்டுவிட்டேன்.

"புக்குல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தானே டீச்சர், இவ என்னத்த மாத்துனான்னு தெரியும். என் ஆச கெடக்குது போங்க," என்றார்.

ஒருநாள் அந்த வாலிகண்டபுரத்துப் பெண் ஹூக் வைத்துக்கொண்டே ஒரு நாவலின் முடிவைச் சொன்னாள். புத்தகத்தில் கதாநாயகிக்கு அத்தை மகனோடு கல்யாணம். இவள் சொன்னதில் கல்யாணமே இல்லை, கதாநாயகி டவுனில் தனியாக ஒரு ரூம் எடுத்துக்கொண்டு இருந்தாள். அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நல்லா இருக்காளா?" என்று அக்கா கேட்டார்.

"நல்லா இருக்காக்கா."

"அது போதும்," என்று அக்கா ஊசியில் நூலைக் கோத்தார்.

மறுவருடம் எனக்கு மெட்ராஸில் ஒரு கல்லூரியில் நிரந்தர வேலை கிடைத்தது. கிடைக்காதா என்று எத்தனை விண்ணப்பம் போட்டிருப்பேன். ஊரெல்லாம் சொல்லி மிட்டாய் கொடுத்தேன். கிளம்புகிற அன்று அரியலூருக்கு பஸ் ஏறி அங்கே ரயிலைப் பிடிக்க வேண்டும். வழியில் கடைக்குள் நுழைந்து, அக்காவிடம் கடைசியாக வாங்கியிருந்த நாவலைத் திருப்பிக் கொடுத்தேன். புருஷனுக்கு வேலை மாற்றல் வந்து, அவனும் அவளும் எல்லோருக்கும் கையசைத்துவிட்டுச் சந்தோஷமாக ரயிலேறுவதோடு முடிகிற கதை. பெட்டி என் காலடியில் இருந்தது. முடிவு என்னாச்சு என்று அக்கா கேட்டார். என்னிடம் அவர் அதைக் கேட்டதே இல்லை. நான்தான் புத்தகம் சொன்ன மாதிரியே சொல்கிறவள் ஆயிற்றே.

"அவ போகலக்கா. பெட்டியைப் பிரிச்சு வெச்சுட்டு அங்கேயே இருந்துட்டா," என்றேன்.

சொன்னபிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. முடிவைப் படித்துவிட்டுத்தானே இவர் தைக்கிறார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. பெடல் நின்றுவிட்டது. இல்லையில்லை, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சமாளிக்க வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அக்கா எழுந்து என் பெட்டியை எடுத்து உள்ளே ஓரமாக வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அடுத்த பஸ்ஸுல போனாலும் ரயிலப் புடிச்சிடலாம். உக்காரு கண்ணு," என்றார்.

அன்றைக்கு ஒருநாள்தான் அவர் என்னை டீச்சர் என்று கூப்பிடவில்லை.